இரண்டாம் ஞாயிறு, காவேரிப்பட்டினம்

என் வீட்டுக்காரரை அடக்கம் செய்த அன்று, முன்னாள் ராணுவத்தினர் சார்பில் வந்த ஒருவர் கல்லறைத் தோட்டத்தில் நின்று ஒரு காகிதத்தைப் படித்தார். அதில், அவர் சிங்கம் போலப் போரிட்டார் என்று இருந்தது. அவருக்கும் சிங்கத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பதினேழு வருஷம் பட்டாளத்தில் பாலம் கட்டினார், ரோடு போட்டார். அதற்குப் பிறகு மத்திகிரி கால்நடைப் பண்ணையில் டிராக்டர் ஓட்டினார். அவர் பழகிய மிருகங்கள் கோவேறு கழுதையும் மாடும்தான். படித்தவர் முடித்ததும் எல்லாரும் தலையாட்டினோம், நானும்தான். வீட்டுக்கு வந்ததும் பெரிய மகள், "நீயாவது சரியா எழுதி வையிம்மா" என்றாள். நான் முப்பத்திரண்டு வருஷம் டீச்சராக இருந்தவள். அடுத்தவர் எழுதியதைத் திருத்துவது எனக்குக் கஷ்டமில்லை.

எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது அவர் பட்டாளத்தில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வருஷத்துக்கு இரண்டு மாசம் லீவில் வருவார். மீதிப் பத்து மாசம் நான் மத்திகிரியில் ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு, மாதா கோவிலைச் சேர்ந்த ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தினேன். லீவில் வந்து போனதிலேயே மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். ஒரு பிரசவத்துக்கும் அவர் ஊரில் இல்லை. ஒவ்வொரு முறையும் கடிதத்தில் குழந்தையின் எடை என்ன என்று கேட்பார். இங்கே யாரும் எடை போடவில்லை. நானாக ஒரு எடை எழுதி அனுப்புவேன்.

அறுபத்தியாறில் பென்ஷனோடு வந்தார். ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், ஒரு கெட்டில். வழக்கம் போல இரண்டு மாசம் ஆனது. மூன்றாவது மாசமும் அவர் வீட்டில்தான் இருந்தார். அப்போதுதான் எனக்கே இது லீவு இல்லை என்று உறைத்தது. சின்னவளுக்கு ஐந்து வயசு. அவளுக்கு வீட்டுக்கு வரும் ஆண்கள் எல்லாரும் மாமா. ஒரு நாள் அவர் முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போது என்னிடம் வந்து, "இந்த மாமா எப்ப ஊருக்குப் போவாரு?" என்று கேட்டாள். அவரே பதில் சொன்னார், தனக்கு இனிமேல் இங்கேதான் டியூட்டி என்று. அவளும் சரி மாமா என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அதற்குப் பிறகும் அரை வருஷம் அப்படித்தான் கூப்பிட்டாள். அவர் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. நான் திருத்தப் போனபோது, "விடு, கூப்பிட்டா வரேன் இல்ல" என்றார்.

இந்த இடத்தில் தந்தியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது அவர் திரும்பி வருவதற்கு நாலு வருஷம் முன்னால், சீனாக்காரனோடு சண்டை நடந்தபோது வந்தது. தபால்காரர் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்தார். இங்கிலீஷில் இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் படிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்ல சேதிதானே டீச்சர்?"

"காணோமாம்" என்றேன்.

"எதைக் காணோமாம்?"

"அவரைத்தான்."

தபால்காரர் செருப்பைக் கழற்றினார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. நான் வகுப்புக்குள் போய் ஏழாம் வாய்ப்பாட்டை முடித்துவிட்டு வந்தேன். பாதியில் விட்டால் மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

கிருஷ்ணகிரியிலிருந்து என் அக்கா வந்தாள். பைக்குள் ஒரு வெள்ளைப் புடவை இருந்தது. சும்மா இருக்கட்டும் என்று கொண்டுவந்தாளாம். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா மூன்று நாள் சோறு கொடுத்தனுப்பினார். கோவில் சாமியாருக்குத்தான் பெரிய சங்கடம். உயிரோடு இருக்கிறவருக்கான பூசையா, இறந்தவருக்கான பூசையா, எதை வைப்பது என்று இரண்டு நாள் யோசித்தார். கடைசியில் பயணத்தில் இருப்பவர்களுக்காக என்று சொல்லி ஒரு பூசை வைத்தார். எப்படி இருந்தாலும் பொருந்தும் என்று என்னிடம் விளக்கினார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

இருபத்து மூன்றாம் நாள் ஒரு தபால் கார்டு வந்தது. அவருடைய கையெழுத்துதான். நான் சுகம், நீங்கள் எல்லோரும் சுகமா, கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, பெரியவளுக்குப் பரீட்சை எப்போது என்று எழுதியிருந்தார். நாலு மாசம் கழித்து ஊருக்கு வந்தபோது பார்த்தேன். இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, எழுதும்போது வீக்கம்தான் இருந்தது, எடுத்தது மறுநாள்தான் என்றார். அக்கா வெள்ளைப் புடவையை மறந்துவிட்டுப் போயிருந்தாள். அதில் சின்னவளுக்குத் தூளி கட்டினேன். நல்ல துணி, இரண்டு வருஷம் உழைத்தது.

நிரந்தரமாக வீட்டுக்கு வந்த மனுஷன் முதலில் செய்தது, கொல்லையில் ஆழமாக ஒரு குழி வெட்டிக் கக்கூஸ் கட்டியது. எங்கள் தெருவில் அதுதான் முதல் கக்கூஸ். சாயங்காலமானால் பார்க்க ஆட்கள் வருவார்கள். தமிழில், தெலுங்கில், கன்னடத்தில் கேள்வி கேட்பார்கள். இவர் எல்லாருக்கும் பட்டாளத்து இந்தியில் பதில் சொல்வார். எப்படியோ தெருவில் இன்னும் நாலு வீட்டில் கட்டிக்கொண்டார்கள். பண்ணையில் வேலை கிடைத்த பிறகு மாடுகளோடும் இந்திதான். பண்ணை ஆட்கள் சிரித்தார்கள். மாடுகள் சிரிக்கவில்லை, சொன்னதைச் செய்தன.

அடுத்தது பிள்ளைகளின் கால்கள். தினமும் ஆறு மணிக்கு மூன்று பேரும் பெஞ்சில் வரிசையாக உட்கார வேண்டும். வெந்நீரில் கழுவி, துண்டால் துடைத்து, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பார்ப்பார். ஈரம் இருந்தால் மறுபடியும் துடைப்பார். முள் இருந்தால் எடுப்பார். படிப்பைப் பற்றியோ சேட்டையைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்க மாட்டார், அது என் இலாகா. கால் மட்டும் அவருடையது. மத்திகிரியில் வேறு எந்த அப்பனும் பிள்ளைகளின் காலைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. பெரியவளுக்குப் பதிமூன்று வயசு, கூச்சம். ஜன்னலைச் சாத்தினால்தான் காலை நீட்டுவேன் என்றாள். அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

அவருக்குப் பின்னல் வேலையும் தெரியும். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒரு நர்ஸ் கற்றுக்கொடுத்தாராம். எங்கள் பக்கம் மார்கழியில் குளிர் கொஞ்சம் அதிகம்தான் என்றாலும் கம்பளிக் காலுறை போடுகிற அளவுக்கு இல்லை. மூன்று பிள்ளைகளுக்கும் பின்னினார். அப்போது பள்ளிக்கூடத்தில் பூட்ஸ் போட்ட பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. என் பிள்ளைகள் மட்டும் காலுறையும் அதற்குமேல் ரப்பர் செருப்பும் மாட்டிக்கொண்டு போனார்கள். கட்டைவிரலுக்கு மட்டும் தனி இடம் விட்டுப் பின்னியிருந்தார், செருப்பு வாருக்காக. அவ்வளவு யோசித்திருந்தார்.

சண்டையைப் பற்றி வாய் திறக்க மாட்டார். ஒரு சுதந்திர தினத்தில் எங்கள் தலைமை ஆசிரியர் அவரைப் பிள்ளைகளிடம் பேசச் சொல்லிக் கூப்பிட்டார். சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு வந்து கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றார். காலை ஈரமாக வைத்துக்கொள்ளக் கூடாது, ஈரமான துணியைக் காலில் சுற்றக் கூடாது, நகத்தை நேராக வெட்ட வேண்டும், வளைத்து வெட்டக் கூடாது என்றார். ஜெய்ஹிந்த் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மொத்தமே நாலு நிமிஷம். தலைமை ஆசிரியர் நன்றி சொல்லும்போது வீரம் என்ற வார்த்தையைக் கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் நுழைத்தார்.

ஒவ்வொரு மாசமும் இரண்டாம் ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் காவேரிப்பட்டினம் போவார். ஓசூருக்கு வந்து, அங்கிருந்து கிருஷ்ணகிரி பஸ், அங்கே இறங்கி இன்னொரு பஸ். முழு நாளும் அதற்கே போய்விடும். தன்னோடு வேலை பார்த்த கூட்டாளியின் குடும்பம் அங்கே இருக்கிறது, அவன் இன்னும் வரவில்லை, அதனால் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தார். திரும்பும்போது ஒரு பொட்டலம் நிப்பட்டு இருக்கும், எங்கள் பக்கம் தட்டைக்கு அதுதான் பேர். கூட்டாளியின் மனைவி நிப்பட்டு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவர். பிள்ளைகள் அவரைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் நிப்பட்டு அத்தை என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அவர் வந்த வருஷக் கடைசியில் ஒரு ஞாயிறு நானும் கூடப் போனேன். தென்பெண்ணைக்குப் போகிற வழியில் ஓட்டு வீடு. முன்பக்கத்தில் அடுப்பு, மாவு, எண்ணெய்ச் சட்டி. அந்த அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். நெற்றியில் பெரிய குங்குமம், காலில் மெட்டி. ஒரே மகள், பதினாறு வயசு. அம்மா தட்டிப் போடப் போட மகள் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள். இவர் உள்ளே போய் வீட்டு மனுஷன் மாதிரி சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, ஓட்டு மேல் ஏறி உடைந்த ஓடுகளை மாற்ற ஆரம்பித்தார். மகளுக்கு முந்தின மாசம் ஒரு ஜோடி காலுறை கொண்டுவந்து கொடுத்திருந்தார். காவேரிப்பட்டினம் வெயிலில் அதைப் போட்டுக்கொள்ள யாருக்கும் மனசு வராது. ஒன்றில் புளியங்கொட்டை போட்டு ஆணியில் மாட்டியிருந்தாள், பல்லாங்குழி ஆட. இன்னொன்று காலியாகத் தொங்கியது.

அந்த அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, எனக்குத் தந்தி வந்து எத்தனை நாள் கழித்துக் கார்டு வந்தது என்று கேட்டார். இருபத்து மூன்று என்றேன்.

"எனக்கு நாலு வருஷம் ஆவுது. எங்க வூட்டுக்காரரு எப்பவுமே கடுதாசி போடறதுல சோம்பேறிங்க" என்றார்.

சிரித்துக்கொண்டே சொன்னாரா என்று பார்த்தேன். இல்லை. கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். உங்கள் வீட்டுக்காரர் வந்தது மாதிரி அவரும் வந்துவிடுவார், உங்களுக்கு வந்ததும் அதே தந்திதானே என்றார். நான் ஆமாம் என்றேன். தந்தியைப் பொறுத்தவரை அது உண்மைதான். சாப்பாடு போட்டார். இவர் இரண்டு தரம் ரசம் வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பும்போது கிருஷ்ணகிரியில் பஸ் மாறினோம். அப்புறம் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார். படை பின்வாங்கியபோது, எல்லாரும் தாண்டிப் போன பிறகு ஒரு பாலத்தை உடைப்பதற்காக இவரையும் கூட்டாளியையும் கடைசியில் நிறுத்தியிருந்தார்கள். உடைத்தார்கள். அதற்குள் மற்றவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியவில்லை. மலைக்காட்டில் பனியில் ஐந்து நாள் இரண்டு பேரும் நடந்தார்கள். பூட்ஸ் நனைந்து காயவே இல்லை. கூட்டாளிக்குக் கால் கறுத்துவிட்டது. ஒன்றரை நாள் இவர் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தார். ஆறாம் நாள் காலையில் அவன், என்னை அந்த மரத்தடியில் இறக்கிவிடு என்றான்.

"நீ முன்னாடி போயிட்டே இரு, நான் பின்னாடி மெதுவா வரேன்னு சொன்னான். நடக்க முடியாதவன் எப்படி வருவான்? எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். கம்பளியப் போத்திவிட்டுட்டு வந்துட்டேன்."

அதற்கப்புறம் நாலு நாள் தனியாக நடந்து ஒரு கிராமத்தை அடைந்தார். ஆஸ்பத்திரியில் அதிகாரி வந்து, கூட இருந்தவன் எங்கே என்று கேட்டபோது, பின்னால் வந்துகொண்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டார். அதிகாரியும் அப்படியே எழுதிக்கொண்டார். அதனால்தான் அவன் இன்னும் காணாமல் போனவர்கள் பட்டியலில் இருக்கிறான்.

இதைக் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. இவர் அங்கேயே உட்காராமல் எழுந்து வந்தாரே என்ற நிம்மதிதான் வந்தது. உட்கார்ந்திருந்தால் நானும் யாரோ ஒருவரிடம் எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். இரக்கம் சூளகிரி தாண்டித்தான் வந்தது. அந்த அம்மாவிடம் நீங்கள் சொல்லிவிட வேண்டும் என்றேன். சொல்லணும் என்றார்.

இரண்டு வருஷம் சொல்லவில்லை. மாசம் தவறாமல் போனார். ஓடு மாற்றினார், குளியலறைத் தண்ணீர் போகக் கால்வாய் வெட்டினார், அடுப்புக்குப் புகைபோக்கி வைத்தார். அங்கே செய்ய எதுவும் இல்லாமல் போனால் அடுத்த முறை பேச வேண்டியிருக்கும் என்று பயந்தது மாதிரி, ஒரு வேலையை முடிப்பதற்குள் அடுத்ததைக் கண்டுபிடித்து வைத்துவிடுவார். நான் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்ததும் முகத்தைப் பார்ப்பேன். நிப்பட்டுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

அறுபத்தெட்டில் அந்த அம்மாவின் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தார். கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி ஒன்றில் வேலை பார்க்கிறவர். அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயசு, தர்மபுரிப் பக்கம் நல்ல இடம் அமைந்திருக்கிறது, பையனுக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அக்கா, அவங்கப்பா வந்துதான் கல்யாணம் என்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு அப்பா இருக்கிறாரா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்கிறார்கள். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. "நீங்கதான் மாமா கடைசியா பார்த்தவரு. அக்கா உங்க பேச்சை மட்டுந்தான் கேக்கும்" என்றார்.

அவர் காபியை ஆற்றிக் குடித்துமுடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். வரும் ஞாயிறு வருகிறேன் என்றார். அது இரண்டாம் ஞாயிறு இல்லை.

நானும் போனேன். பிள்ளைகளைத் தெலுங்கு அம்மாவிடம் விட்டிருந்தோம். அங்கே போய்ச் சேர்ந்தபோது முற்பகல். அந்த அம்மா மாவு பிசைந்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். மகளைத் தம்பி ஏதோ சாக்குச் சொல்லிக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார். இவர் சட்டையைக் கழற்றவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, அதிகாரிக்கு முன்னால் சொல்வது போல முதலிலிருந்து சொன்னார். பாலம், பனி, கால், மரம், கம்பளி. எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. என்னிடம் பஸ்ஸில் சொன்னதைவிடக் கம்மியான வார்த்தைகள்.

அந்த அம்மா உருண்டைகளைத் தட்டிக்கொண்டே கேட்டார். என்ன மரம் என்றார். தெரியலீங்க, ஊசி ஊசியா இலை இருந்துது என்றார் இவர். வெயில் இருந்ததா என்றார். இருந்தது. கூட யாராவது இருந்தார்களா? இல்லை. பசியோடு இருந்தாரா? ரெண்டு பேருமே.

"உக்காந்துட்டு இருந்தாரா, படுத்துட்டு இருந்தாரா?"

"உக்காந்துட்டு."

"உசுரு போனத நீங்க பாக்கல."

"பாக்கலீங்க."

எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்திருந்தது. அந்த அம்மா விறகைப் பின்னால் இழுத்துத் தண்ணீர் தெளித்தார். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு இவரைப் பார்த்தார்.

"இத்தினி வருசம் எங்க வூட்ல சாப்ட்டீங்க" என்றார்.

இவர் ஆமாம் என்றார். அந்த அம்மா சொன்னது அவ்வளவுதான். நாங்கள் எழுந்தோம். எங்கள் பக்கம் யாராக இருந்தாலும், சண்டைக்காரனாக இருந்தாலும்கூட, வீட்டை விட்டுக் கிளம்பும்போது போயிட்டு வாங்க என்றுதான் சொல்வோம். அந்த அம்மா போங்க என்றார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் என்னை உட்காரவைத்து இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதச் சொன்னார், பட்டாளத்து ரெக்கார்டு ஆபீசுக்கு. அன்றைக்கு நான் சொன்ன வாக்குமூலம் சரியில்லை, நடந்தது இதுதான் என்று. கூட்டாளியும் இவரும் பிரிந்துவிட்டதாக நான் எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார். அந்த இடத்தில் நிறுத்தி, பிரியவில்லை, நான் விட்டுவிட்டு வந்தேன், அப்படி எழுது என்றார். அது படிக்க நன்றாக இருக்காது என்றேன். நன்றாக இல்லாததுதானே என்றார். அடித்துவிட்டு எழுதினேன். அடித்தல் திருத்தலோடு அனுப்பக் கூடாது என்று முழுக் கடிதத்தையும் மறுபடி எழுதினேன். ரெக்கார்டு ஆபீசிலிருந்து, உங்கள் கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது.

அதற்கப்புறம் இரண்டாம் ஞாயிறுகளில் அவர் வீட்டில் இருந்தார். இருந்தார் என்றால், கோழிக்கூட்டைப் பிரித்துக் கட்டினார். மறு மாசம் அதே கூட்டை இடம் மாற்றிக் கட்டினார். கோழிகள் ராத்திரி எங்கே அடைவது என்று தெரியாமல் பழைய இடத்திலேயே வந்து நின்றன. பிள்ளைகள் நிப்பட்டு கேட்டார்கள். அத்தைக்கு வேலை அதிகம் என்றேன். ஆறு மணிக் கால் பரிசோதனை மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. அந்த நாட்களில் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தது. பிள்ளைகளும் பொறுத்துக்கொண்டார்கள். பெரியவள் ஜன்னலைச் சாத்தச் சொல்வதை விட்டுவிட்டாள்.

நாலாம் மாசம் தம்பி மறுபடியும் வந்தார். நான் வாசலிலேயே அவர் கையில் இருந்த மஞ்சள் தடவிய பத்திரிகையைப் பார்த்துவிட்டேன். நின்றபடியே வாங்கிப் பிரித்துப் படித்தேன். பெண்ணின் அப்பா பேருக்கு முன்னால் திரு என்று போட்டிருந்தது. நான் தம்பியைப் பார்த்தேன். அவர் விளக்கினார். எல்லாம் அக்காவின் ஏற்பாடுதான். மாப்பிள்ளை வீட்டார் வந்து கேட்டபோது அக்கா நேராகப் பதில் சொல்லிவிட்டதாம். கடைசியாகப் பார்த்தவரே வந்து சொல்லிவிட்டார், உட்கார்ந்துதான் இருந்தாராம், உயிர் போனதை யாரும் பார்க்கவில்லை, அதனால் என் பொட்டை அழிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை, ஆனால் அவருக்காக இனிமேல் கல்யாணத்தை நிறுத்தி வைக்கவும் போவதில்லை என்று. மாப்பிள்ளை வீட்டாருக்கு அது பதிலா இல்லையா என்று புரியவில்லை. ஆனால் தேதி கிடைத்துவிட்டது, சரி என்றுவிட்டார்கள்.

இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நான் வரலாமா என்று கேட்டார்.

"மூணு நாள் முன்னாடியே வரச் சொல்லிச்சு அக்கா. அடுப்பு வெட்டணும், பந்தல் போடணும், ஆள் இல்லைன்னு சொல்லிச்சு" என்றார் தம்பி.

எங்கள் பக்கம் மன்னித்துவிட்டேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வேலை சொல்வார்கள். அவர் அன்றைக்கே பண்ணையில் லீவு எழுதிக் கொடுத்தார்.

பிள்ளைகளோடு நான் கல்யாணத்துக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தேன். பந்தல் கால் ஒவ்வொன்றும் ஒரே அளவு இடைவெளியில், ஒரே உயரத்தில் நின்றது. அடுப்புக் குழிகள் நூல் பிடித்தது போல இருந்தன. சமையல்காரர் இவ்வளவு நேரான அடுப்பில் தனக்குச் சமைத்துப் பழக்கமில்லை என்றார். அந்த அம்மா என்னை வாங்க என்று கூப்பிட்டார், பிள்ளைகளுக்குத் தட்டில் நிப்பட்டு வைத்தார். இவரிடம் நேராகப் பேசவில்லை. தம்பியிடம், வாழை இலை பத்தாது போல இருக்குது, அண்ணனை அனுப்பி வாங்கியாரச் சொல்லு என்றார். இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் டிரம் நிரம்பவில்லை என்றார். பிறகு பெஞ்சு. பிறகு திரும்பவும் இலை. நான் கவனித்துப் பார்த்தேன். சில வேலைகளுக்குத் தேவையே இருக்கவில்லை.

விடியற்காலை முகூர்த்தம். தம்பியும் அவர் மனைவியும் தாரை வார்த்தார்கள். அந்த அம்மா குங்குமத்தோடு மணவறைக்குப் பக்கத்தில் நின்றார். கூட்டத்தில் இரண்டு கிழவிகள் ஏதோ முணுமுணுத்தார்கள். நின்றது நின்றபடி அந்த அம்மா அட்சதையைத் தூவினார். இவர் பந்தலுக்கு வெளியே, தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் இருந்தார். மேளம் கெட்டியாக முழங்கியபோது கையில் இருந்த சொம்பை வைத்துவிட்டு நேராக நின்றார். பட்டாளத்துக்காரர்கள் அப்படித்தான் நிற்பார்கள். முகத்தைத் துண்டால் துடைத்தார், வேர்வை என்று நினைத்தேன். விடியற்காலை, வேர்க்கிற நேரம் இல்லை.

பந்திகள் முடிந்தபின் அந்த அம்மா தானே ஒரு இலை போட்டு அவரை உட்காரச் சொன்னார். எதிரில் நின்று பரிமாறினார். வேறு யாரையும் பக்கத்தில் விடவில்லை. நான் தூரத்திலிருந்து பார்த்தேன், இரண்டு பேரும் ஏதோ பேசுவது தெரிந்தது. பஸ்ஸில் கேட்டேன், என்ன பேசினீர்கள் என்று. சொன்னார். அவரு உங்ககூட இருக்கும்போது எப்படி இருப்பாரு, சிரிச்சுப் பேசுவாரா என்று கேட்டதாம் அந்த அம்மா. வருஷத்துக்கு இரண்டு மாசம்தான் பார்த்த மனுஷன், எனக்கு அவரைப் பற்றி ரொம்பத் தெரியாதுங்க என்றதாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சிரிப்பான்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே இருப்பான்."

பின்சீட்டிலிருந்து மகன் தலையை நீட்டி, எதுக்கு சிரிப்பாரு என்று கேட்டான். இவர் கொஞ்சம் யோசித்தார். கூட்டாளிக்குக் கோவேறு கழுதை என்றால் பயமாம். ஒரு தடவை சாமான் ஏற்றப் போனபோது கழுதை இவன் தொப்பியைக் கவ்விக்கொண்டு தின்றுவிட்டது. தொப்பி எங்கே என்று அதிகாரி கேட்டதற்கு, உடனே கொடுக்க முடியாது சார், நாளைக்குக் காலையில் கிடைக்கும் என்றானாம். பிள்ளைகளுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் கண்டக்டர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அந்தக் கூட்டாளியைப் பற்றி எங்கள் வீட்டில் அதுவரை ஒரே ஒரு விஷயம்தான் தெரியும். இன்னொன்று சொல்லுங்கள் என்றாள் பெரியவள். சொன்னார். ஓசூர் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். மத்திகிரி டவுன் பஸ்ஸில் உட்கார இடம் இல்லை, சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபடியே மீதியைச் சொன்னார்.